வெண்கலமா உருக்கா: ஒரு ஜெர்மன் பதக்கத்தோடு ரொறன்ரோவில் நான்கு நாள்

ரொறன்ரோவுக்குப் பக்கத்து விட்பியில் இருந்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பழைய சாமான் விற்பனையில் வாங்கிய தையல் பெட்டிக்குள் ஒரு ஜெர்மன் பதக்கம் கிடந்ததாம். ஆப்பிரிக்காவில் போர் செய்த படைக்குக் கொடுத்தது போலத் தெரிகிறது, எங்கே போய் விசாரிக்கலாம், அதற்கு முன் நன்றாகத் துடைத்து வைக்கலாமா என்று கேட்டிருந்தார். ஐயா, தயவு செய்து துடைக்க வேண்டாம். உங்களுக்காகவும், இதே வேலையாகப் புறப்படப்போகிற மற்றவர்களுக்காகவும் 1976 ஜூலையில் நான் போன பயணத்தை எழுதுகிறேன். விலைகளும் நேரங்களும் அப்போதைய டைரியில் இருப்பவை.

நான் அப்போது சாம்பியாவில், லுசாகாவில், பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்து ஒப்பந்தத்தில் போன ஆசிரியர்கள் பலரில் நானும் ஒருவன். பக்கத்து வகுப்பில் கணக்குப் படிப்பித்தவர் தாவீது. முன்பு ஜெர்மன் கொலனியாக இருந்த தென்மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்து அகதியாக வந்தவர், முப்பத்தாறு வயது, தங்கமான மனுஷன். அதே நாட்டில் இருந்து வந்த ஹெரெரோ இனத்துப் பெண் ஒருத்தியைக் கட்ட விரும்பினார். அவள் லுசாகாவில் அப்பாவோடு இருந்து, ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்தாள். இருவருக்கும் சம்மதம். பெண்ணின் அப்பாதான் குறுக்கே நின்றார்.

காரணம் ஒரு புகையிலை டப்பா. தாவீதின் அப்பா ஜெர்மன் படைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். அவர் செத்தபோது தாவீதுக்குப் பன்னிரண்டு வயது. விட்டுப்போனது அந்த டப்பாவும் அதற்குள் ரிப்பன் கோத்த ஒரு பதக்கமும். 1904இல் ஹெரெரோ மக்கள் ஜெர்மன்காரருக்கு எதிராக எழும்பியபோது, அவர்களைச் சுட்டும் பாலைவனத்துக்குள் துரத்தியும் தாகத்தில் சாகவிட்டும் தீர்த்தார்கள். பெண்ணின் அப்பா, அதில் தப்பி வந்த ஒரு தாயின் வயிற்றில் பிறந்தவர். தாவீது ஒளிவுமறைவு தெரியாமல் அந்தப் பதக்கத்தைக் காட்டிவிட்டார். "இது உன் அப்பனுக்கு எதற்குக் கொடுத்தது என்று தெரியும்வரை என் வீட்டில் பேச்சில்லை" என்று பெரியவர் சொல்லிவிட்டார்.

எங்கள் ஊரிலும் கலியாணப் பேச்சு வந்தால் மாப்பிள்ளையின் ஏழு தலைமுறையைத் தோண்டுவோம். ஆகவே எனக்கு அந்தப் பெரியவர் மேல் கோபம் வரவில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்பார்கள். பெரியவரோ ஒரே ஒரு உண்மையைத்தான் கேட்டார். அந்த விடுமுறையில் நான் ரொறன்ரோவில் இருக்கும் தங்கை வதனியிடம் போவதாக இருந்தது. அங்கே நிறைய ஜெர்மன்காரர் குடியேறியிருக்கிறார்கள், பெரிய நூலகமும் உண்டு, விசாரித்து வருகிறேன் என்று டப்பாவை வாங்கிக்கொண்டேன். தாவீது என் கையை இரண்டு கையாலும் பிடித்து, என்ன தெரிந்தாலும் மறைக்காமல் சொல்லும்படி கேட்டார். அந்த நிமிஷத்தில் இருந்தே எனக்கு ஒரு துடிப்புப் பிடித்துவிட்டது.

ஜூலை 21, புதன்கிழமை பின்னேரம் மூன்று பத்துக்கு லண்டன் வழியாக ரொறன்ரோவில் இறங்கினேன். அந்த வாரம் மொன்றியலில் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தது. சுங்கத்தில் நின்ற இளைஞன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, எந்தப் போட்டியில் வென்றீர்கள் என்று கேட்டான். என் வயிற்றைப் பார்த்தபடிதான் கேட்டான். கலியாணப் போட்டி, இன்னும் முடியவில்லை என்றேன். சிரித்துக்கொண்டு விட்டுவிட்டான்.

வதனியும் கணவரும் விக்ரோறியா பார்க் சப்வே நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில், பத்தொன்பதாம் மாடியில் இருந்தார்கள். வியாழன் முழுக்க நித்திரை. டப்பாவைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு வெள்ளி காலை எட்டரைக்கு வெளிக்கிட்டேன். சப்வே ரிக்கெற் ஐம்பது சதம். சென் ஜோர்ஜ் நிலையத்தில் இறங்கித் தெற்கே பதினைந்து நிமிடம் நடந்தால் மத்திய நூலகம். அது அப்போது கொலிஜ் தெரு மூலையில், படிகள் வைத்த பழைய கட்டடத்தில் இருந்தது. இப்போது அங்கே தேடிப் போக வேண்டாம், அடுத்த வருடமே இடம் மாறிவிட்டது.

நூலகத்தில் இருந்த அம்மையாரிடம், ஜெர்மன் கொலனிப் படைகளின் பதக்கம் என்று சொன்னதும் அவர் எழும்பி நின்றுவிட்டார். அன்று காலையில் அவரிடம் வந்தவர்கள் எல்லாம் ஒலிம்பிக் முடிவுகளைக் கேட்டார்களாம். அரை மணித்தியாலத்தில் மூன்று புத்தகங்கள் வந்தன. இரண்டு ஜெர்மன் மொழியில், ஒன்று ஆங்கிலத்தில். ஆங்கிலப் புத்தகம் பொதுவானது. ஆப்பிரிக்கப் பகுதிக்கு ஐந்தே பக்கம்.

அந்த ஐந்து பக்கத்தில் மூன்றாவது பக்கத்தில் என் கை நின்றது. தலைக்கவசம் போட்ட பெண்ணின் முகம், சுற்றிவரத் தென்மேற்கு ஆப்பிரிக்காவின் பெயர், 1904 தொடங்கி 1906 வரை என்ற ஆண்டுகள். எங்கள் பதக்கமேதான். கீழே இரண்டு வரி. போரில் நின்று சண்டை செய்தவர்களுக்கு வெண்கலம். சண்டை செய்யாமல் படைக்கு வேறு வேலை செய்தவர்களுக்கு உருக்கு. பின்பக்க எழுத்தும் இரண்டுக்கும் வேறு வேறு.

அந்த வரிகளை நான் ஏழெட்டுத் தடவை வாசித்திருப்பேன். பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில், ஜெர்மன்காரன் அந்த உலோகத்திலேயே எழுதி வைத்திருக்கிறான். எங்கள் டப்பாவில் இருந்ததோ கரிய மண்ணிறத்தில், கருப்பட்டித் துண்டு மாதிரி. சமையல் புகையும் கொழுப்பும் ஏறி, பின்பக்க எழுத்தெல்லாம் மூடி, பழைய வெண்கலம் போலத்தான் இருக்கும். வெண்கலமாக இருந்தால் தாவீதின் கலியாணம் அன்றோடு சரி. அம்மையார் பக்கங்களைப் பிரதி எடுத்துத் தந்தார், ஒரு பக்கம் பத்துச் சதம். மேற்கே ஜேன் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய நாணயமும் பதக்கமும் விற்கிற ஜெர்மன்காரர் ஒருவரின் கடை விலாசமும் எழுதித் தந்தார். சனிக்கிழமையில் ஒரு மணிக்குப் பூட்டிவிடுவார் என்று எச்சரித்தார்.

வீட்டுக்கு ஓடி வந்தேன். பெட்டியைத் திறந்தால் டப்பா வெறுமையாக இருந்தது.

குசினிக்குள் போனேன். வெள்ளிக்கிழமை அல்லவா, வதனி பூசைச் சாமான் மினுக்கிக்கொண்டிருந்தாள். குத்துவிளக்கு, தூபக்கால், செம்பு எல்லாம் வரிசையாகக் கழுவிக் கவிழ்த்திருந்தது. அந்த வரிசையின் கடைசியில் தாவீதின் பதக்கம். பக்கத்தில் பழப்புளிக் கிண்ணம். ஜெராட் தெரு இந்தியக் கடைக்கு இரண்டு வாகனம் மாறிப் போய் வாங்கி, கறிக்கே எண்ணி எண்ணிப் போடுகிற புளி அது.

"அண்ணை, என்ன கறள் பிடிச்ச சாமானை உப்பிடி நல்ல உடுப்புக்குள்ள வச்சிருக்கிறியள்? ஆரோ வாத்தியாரின்ரை மெடல் எண்டு சொன்னியளெல்லே, அதான் வடிவா மினுக்கிக் குடுப்பம் எண்டு..."

நான் கத்தின கத்தல் பதினெட்டாம் மாடிக்குக் கேட்டிருக்கும். பிரதி எடுத்த பக்கத்திலேயே, பழம் பதக்கங்களை ஒருபோதும் துலக்கக் கூடாது, துலக்கினால் மதிப்பும் சான்றும் போய்விடும் என்று தடித்த எழுத்தில் இருந்தது. அது அவளுக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீடுகளில் பித்தளை கறுத்துக் கறள் பிடித்தால் புளி போடுவோம், அவ்வளவுதான். அவள் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் வதனி சும்மா விடுகிறவள் அல்ல.

"நான் என்ன செய்யிறது? எவ்வளவு தேய்ச்சும் விளக்கு மாதிரி மஞ்சள் வரேல்லை. தேய்ச்சுக் கழுவின இரும்புச் சட்டி மாதிரி வெளுத்துப் போச்சு. பித்தளை எண்டால் உப்பிடியே வரும்?"

அப்போதுதான் பதக்கத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சாம்பல் நிறம். கழுவிய இரும்பின் நிறம். எழுத்துகள் கிளம்பியிருந்தன. ஜெர்மன் தெரியாவிட்டாலும் கடைசிச் சொல் 'எக்ஸ்பெடிசியோன்' என்று வாசிக்க முடிந்தது.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கடைச் சாமான் துண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு தக்காளி வடிவக் காந்தம் இருந்தது. இழுத்தெடுத்துப் பதக்கத்துக்குக் கிட்டக் கொண்டுபோனேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. வெண்கலம் காந்தத்தில் ஒட்டாது. உருக்கு. சண்டை செய்யாதவருக்குக் கொடுத்தது.

நான் அந்தக் குசினிக்குள் துள்ளினேன். வதனியையும் பிடித்துச் சுற்றினேன். பாவம், இரண்டு நிமிடத்துக்கு முன் ஏச்சு வாங்கியவள், அண்ணைக்கு என்ன பிடித்துவிட்டது என்று பார்த்தாள். ஒரு வெட்கக்கேட்டையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். லுசாகாப் பள்ளிக்கூடத்தில் பௌதிக ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாளர் நான். என் அலுமாரியில் நாற்பது காந்தம் இருந்தது. இரண்டு வகை உண்டு என்று தெரிந்திருந்தால் எழும்பாமல் இருந்த இடத்திலேயே பார்த்திருக்கலாம்.

ஆனால் நான் சொன்னால் பெரியவர் நம்புவாரா? மாப்பிள்ளையின் கூட்டாளி கொண்டுவந்த சாட்சி. விஷயம் தெரிந்தவர் ஒருவர் எழுதித் தர வேண்டும். சனி காலை பத்தரைக்குக் கிளம்பினேன். விக்ரோறியா பார்க்கில் இருந்து ஜேன் வரை ஏறக்குறைய பத்து மைல், மாற வேண்டியதில்லை, நாற்பது நிமிடம், அதே ஐம்பது சதம். நிலையத்தில் இருந்து கடை ஆறு நிமிட நடை. கண்ணாடிக்குப் பின்னால் நாணயத் தட்டுகளும் ஒரு பூனையும் இருந்தன.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். பதக்கத்தைக் கண்டதும் அவர் முகம் கோணிய கோணலை என்னால் மறக்க முடியாது. யார் செய்தது என்று கேட்டார். தங்கை, புளி போட்டு என்றேன். புளி என்றால் என்ன என்று கேட்டார். விளங்கப்படுத்தியது இன்னும் மோசமாகப் போய்விட்டது. பின்பக்க எழுத்தை வாசித்து, படையெடுப்புக்குச் செய்த சேவைக்காக என்று பொருள் சொன்னார். காந்தம் வைத்துப் பார்த்தார். உருக்கு வகைதான், விலை குறைந்த வகை, வருந்துகிறேன் என்று ஆறுதல் சொன்னார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்ததைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

கடிதம் கேட்டதும் மறுத்துவிட்டார். போலி செய்கிறவர்கள்தான் இப்படிச் சுரண்டித் துலக்கிக் கொண்டுவருவார்கள், காலம் ஏற்றிய மேல்தோல் இல்லாத சாமானுக்கு அசல் என்று கையெழுத்து வைக்க முடியாது என்றார். அப்புறம் அவராகவே, நாடா எங்கே என்று கேட்டார். பதக்கத்தைச் சட்டையில் தொங்கவிடும் ரிப்பன். அதன் நெசவைப் பார்த்தால் காலம் சொல்லலாம், அது இருந்தால் யோசிக்கிறேன் என்றார். அப்போது மணி பதினொன்று நாற்பத்தைந்து.

கடை ரெலிபோனில் வதனியைக் கூப்பிட்டேன். ரிப்பனைப் புளித்தண்ணி படாமல் முதலே கழற்றித் தன் சமையல் குறிப்புக் கொப்பிக்குள் வைத்திருப்பதாகச் சொன்னாள். நான் போய் எடுத்து வந்தால் ஒரு மணி தாண்டிவிடும். நீ கொண்டுவா என்றேன். நகரத்தின் நடுவில் இருக்கும் யங் தெருவுக்கு அங்கால் தனியாகப் போனதே இல்லை என்றாள். ரயில் மாறாதே, ஜேன் என்று கூப்பிடுமட்டும் இறங்காதே என்று சொல்லி வைத்தேன். அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் நிலைய வாசலுக்கும் கடைக்குமாக ஐந்து தடவை நடந்தேன். கடைக்காரர் பன்னிரண்டு ஐம்பதுக்குக் கதவில் தொங்கிய பலகையைத் திருப்பப் போனபோது, சேலைக்கு மேல் கணவரின் சுவெற்றர், ஜூலை வெயிலில் அதுவும், கையில் கொப்பி, வதனி மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

புளி போட்டவள் இவள்தான் என்று தெரிந்ததும் கடைக்காரர் அவளுக்கு ஒரு பாடம் நடத்தினார். வதனி ஆங்கிலத்தில் ஒரே ஒரு பதில்தான் சொன்னாள். நான் எடுத்தது கறளைத்தான், பதக்கத்தை அல்ல, எழுத்து ஒன்றாவது குறைந்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள் என்றாள். அவர் உண்மையிலேயே பூதக்கண்ணாடியை எடுத்து எண்ணினார்.

பிறகு ரிப்பனை விரித்தார். கறுப்பும் வெள்ளையும் சிவப்புமாகக் கோடுகள், மடிப்பில் மட்டும் வெளிறியிருந்தது. வெகுநேரம் பார்த்தார். நெசவு அந்தக் காலத்தியதுதான் என்றார். பதக்கத்தின் வளையத்தையும் பார்த்தார், உரசித் தேய்ந்த அடையாளமே இல்லை. "இதில் ஒரு ஊசித்துளைகூட இல்லை" என்று தனக்குத்தானே சொன்னார். ரிப்பனைத் தைத்தோ குத்தியோ தான் சட்டையில் அணிவார்கள். இது ஒருநாளும் அணியப்படாதது, சேகரிப்பவர்களுக்கு இது பிடிக்கும் என்றார். எனக்கு அது முக்கியமாகவே படவில்லை. என் கண் முழுக்க அவர் எடுத்த பேனையில் இருந்தது.

கடிதம் மூன்று வசனம். பதக்கம் உருக்கு வகை, சண்டை செய்யாதோருக்கு உரியது. அண்மையில் தவறாகத் துலக்கப்பட்டிருந்தாலும் அசல். ரிப்பனில் ஊசித்துளை இல்லை, அணியப்பட்டதாகத் தெரியவில்லை. இது தாவீதின் அப்பாவுடையது என்று எழுத மாட்டேன் என்றார். பதக்கத்தோடு கொடுத்த பத்திரத்தில்தான் பெயர் இருக்கும், பத்திரம் இல்லாமல் பதக்கம் யாருடையதும் ஆகலாம். நியாயமான பேச்சு. கடிதத்துக்கு இரண்டு டொலர் வாங்கினார், வதனிக்குப் பூனையைத் தூக்கிக் காட்டினார். நாங்கள் இருவரும் திரும்பும் வழியில் வெற்றியைக் கொண்டாட ஆளுக்கொரு ஐஸ்கிரீம் குடித்தோம், எழுபது சதம்.

இதே வேலைக்குப் புறப்படுகிறவர்களுக்குச் சில வார்த்தை. புறப்படும் முன் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பத்திரம், கடிதம், உறை எது இருந்தாலும் பதக்கத்தோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். முதலில் நூலகம், பிறகு கடை, மாறிப் போனால் விலை பேசத்தான் வந்தீர்கள் என்று நினைப்பார்கள். சனிக்கிழமையை நம்பவேண்டாம். வெள்ளிக்கிழமையில் பதக்கத்தைத் தமிழ் வீட்டில் வைத்துவிட்டு வெளியே போகவே வேண்டாம்.

ஓகஸ்ட் கடைசியில் லுசாகா திரும்பினேன். அடுத்த ஞாயிறு பின்னேரம் தாவீதோடு பெண்ணின் வீட்டுக்குப் போனேன். இரண்டே அறை, பெரியவர் சாய்வுக் கதிரையில் இருந்தார். கடிதத்தை மகளே அவர்கள் மொழியில் வாசித்தாள். முதல் வசனம் முடிந்ததும் நான் பெருமையோடு காந்தத்தை எடுத்து ஒட்டிக் காட்டினேன். பெரியவர் அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். மகள் தலையைக் குனிந்தபடி எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

"சுட்டவனுக்குக் குண்டு வண்டியில்தானே போயிருக்கும்?"

எட்டாயிரம் மைல் கட்டிக்கொண்டு வந்த சந்தோஷம் எனக்கு ஒரு நொடியில் வடிந்துபோனது. தாவீது நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார், மகள் கடிதத்தை மடிக்கத் தொடங்கினாள். இன்னும் இரண்டு வசனம் இருக்கிறது, முழுவதையும் வாசியம்மா என்றேன். வேறு சொல்ல எனக்கு ஒன்றும் இல்லாததால்தான் சொன்னேன்.

கடைசி வசனத்தைப் பெரியவர் இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார். ரிப்பனைக் கேட்டார். ஜன்னலுக்குக் கிட்டப் போய், வெளிச்சத்தில் பிடித்து, ஒரு நுனியில் இருந்து மறு நுனி வரை பெருவிரலால் தடவிப் பார்த்தார். உன் அப்பா இதை எப்போதாவது போட்டதைப் பார்த்தாயா என்று தாவீதைக் கேட்டார். ஒருநாளும் இல்லை, எங்கள் முன்னால் டப்பாவைத் திறந்ததே இல்லை என்றார் தாவீது. ஏன் என்று சொன்னாரா? சொல்லவில்லை.

பெரியவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். ரிப்பனை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது என்னிடம் இருக்கட்டும். இரும்பை மட்டும் என் மகளின் வீட்டுக்குள் கொண்டுவராதே."

அவருடைய மகளின் வீடு என்று அவர் சொன்னது எந்த வீட்டை என்று விளங்க எனக்கும் தாவீதுக்கும் கொஞ்ச நேரம் எடுத்தது. அவளுக்கு முதலே விளங்கிவிட்டது. எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டாள்.

கலியாணத்துக்கு முன்பே பதக்கத்தைத் தாவீது என்னிடமே தந்துவிட்டார். இப்போது நானும் ரொறன்ரோக்காரன்தான், அது என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. நன்றாகக் கறள் ஏறிவிட்டது, எழுத்துகள் மறுபடி மூடிக்கொண்டு வருகின்றன. வதனி இப்போது குடியிருக்கும் யூனியன்விலில் இருந்து வரும் வெள்ளிக்கிழமைகளில் நான் அந்த லாச்சியைப் பூட்டி வைக்கிறேன்.